பதினோரு டேங்க்

நெருப்பணைக்கப் போகிறவர்களின் துணியை வீட்டுக்குள் துவைக்கக் கூடாது என்று முதலில் சொன்னவள் தையல்காரிதான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்லதைச் சொன்னால் யார் கேட்டார்கள்? மலையில் பத்து நாள் புகைக்குள் கிடந்த சட்டையை உதறினால் வீடு முழுக்கக் கரித்தூள். கைக்குழந்தை இருமும். அம்மாக்காரி சளி என்று சொல்லி நெஞ்சில் தைலம் தேய்ப்பாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் தையல்காரி தன் கடை வாசலுக்கு இரண்டு இரும்பு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, சோப்புத்தூளையும் தானே வாங்கி வைத்தாள். "இங்க வந்து துவைங்க. சோப்பு என் செலவு" என்றாள். சோப்பு சும்மா கிடைக்கிறது என்றதும் வந்தார்கள். குழந்தையின் நெஞ்சுக்காக வராதவர்கள் சோப்புக்காக வந்தார்கள்.

துவைக்கிற இடத்தில் பேச்சு இல்லாமல் இருக்குமா? யார் வீட்டுக்காரர் எந்த மலையில் இருக்கிறார், யாருக்குக் கண் எரிச்சல் குறையவில்லை, எந்த மேஸ்திரி ஆளைப் பார்த்து வேலை கொடுக்கிறார் எல்லாம் அந்த டிரம்மைச் சுற்றித்தான் பேசப்பட்டது. அப்படியே ஒரு கூட்டம் சேர்ந்தது. மலையில் ஆள் இருக்கிற நாட்களில் முறை வைத்து ஒருத்தி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இருமலோடு இறங்கி வருகிறவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒருத்தர். புருஷன் வராத வீட்டுக்கு அன்றைக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுபோக இன்னொருத்தர். பதிவு கிடையாது, ரசீதுப் புத்தகம் கிடையாது, தலைவர் செயலாளர் கிடையாது. நாற்பது வீடு. ஊர் அவர்களை நெருப்புக்காரர்கள் என்று சொல்லும். காடு எரிகிற நாலு மாதம் வீரர்கள் என்றும் சொல்லும். மழை விழுந்ததும் வீரர்கள் மூட்டை தூக்கப் போவார்கள், செங்கல் சுமக்கப் போவார்கள். அப்போது வாடகைக்கு வீடு கேட்டால் அதே ஊர், "இருமுற ஆளுங்களுக்குத் தர்றதில்லை" என்று கதவைச் சாத்தும்.

"ஒருத்தருக்குன்னா எல்லாரும். அவ்வளவுதான் நம்ம சட்டம்" என்று தையல்காரி அடிக்கடி சொல்வாள். சொன்னபடி நடந்தும் வந்தாள். அதை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை.

அவளுடைய புருஷன் மேஸ்திரி. பதினோரு ஆட்களை மலைக்கு அழைத்துப் போகிறவர். அதே வீட்டின் பின்கட்டில் மேஸ்திரியின் தங்கை, அவள் புருஷன், ஒரு பெண் குழந்தை. தங்கை புருஷன் அந்தப் பதினோரு பேரில் ஒருவன். மேஸ்திரிக்கு மாப்பிள்ளை என்பதால் மலையில் எல்லாருக்குமே அவன் மாப்பிள்ளைதான். சாவகாசமான ஆள். அவசரம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. போன கோடையின் கடைசி நெருப்பில் அவன் செத்துப்போனான்.

மழைக்காலம் முழுக்க விசாரணை நடந்தது. அடுத்த கோடைக்கு ஆள் எடுக்க இரண்டு வாரம் இருக்கும்போது ரேஞ்சர் ஆபீஸ் பியூன் சைக்கிளில் வந்து ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். உச்சி வெயில். தையல்காரி அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் வாசற்படியில் நின்றபடியே வாசித்தாள். முதல் தடவை மனசுக்குள். இரண்டாம் தடவை சத்தமாக.

"மேற்படி தொழிலாளி, அபாய நேரத்தில் மேற்பார்வையாளரின் உத்தரவை மீறி, பணியிடத்தை விட்டுத் தன்னிச்சையாக ஓடியதால் உயிரிழந்தார்."

உருளைக்கிழங்குத் தோல் பாதியில் நின்றது.

"ஓடினாராம் அண்ணி" என்றாள் நாத்தனார். "இவரு ஓடினாராம். பஸ்ஸுக்கே ஓட மாட்டாரு. அடுத்த பஸ் வராமலா போயிடும்னு நின்னு பீடி பத்த வைப்பாரு. கல்யாணத்தன்னைக்கே லேட்டு. இந்த மனுஷனா ஓடினாரு?"

"குடு, நான் பார்க்கிறேன்."

"நீங்க பார்த்தா எழுத்து மாறிடுமா?" காகிதத்தைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "ஆபீஸ் வாசல்ல சிமெண்டுப் பலகை இருக்குல்ல, செத்தவங்க பேரெல்லாம் வெட்டியிருக்காங்களே. ஏழு பேரு. எட்டாவது பேரு வெட்டுவாங்க, பாப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு இருந்தேன். ஓடினவன் பேரை வெட்ட மாட்டாங்களாம். பியூன் சொல்லிட்டுத்தான் போறாரு. ஊருக்குள்ள பேச்சு முன்னாடியே வந்துடுச்சு, பள்ளிக்கூடத்துல ஒருத்தி கேட்டுட்டா, உங்கப்பா பயந்து ஓடிட்டாராமேன்னு. ராத்திரி பாப்பா என்கிட்ட கேக்கிறா, ஓடினா ஏம்மா வீட்டுக்கு வரலைன்னு."

தையல்காரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுறேன். நாற்பது வீடும் கையெழுத்துப் போட்டு ரேஞ்சர்கிட்ட போவோம். இந்த வார்த்தையை எடுக்காம ஒரு ஆளு மலை ஏற மாட்டான்னு சொல்லுவோம். எதுக்குச் சங்கம் வச்சிருக்கோம்?"

"நிஜமாவா அண்ணி?"

"உங்கண்ணன் எந்திரிச்சு நடந்ததைச் சொன்னாப் போதும். மேஸ்திரி வார்த்தையை மீறி ரேஞ்சர் என்ன எழுத முடியும்?"

நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். ஆறு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டு அழுத அழுகை அது. அழுது முடித்து எழுந்து மீதிக் கிழங்கை அவளே உரித்தாள்.

மேஸ்திரி கொல்லைப்புறத்தில் மண்வெட்டிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாளாக ஒரே மண்வெட்டி. முனை கத்தி மாதிரி மெலிந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் ராவினால் காம்புதான் மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டே தையல்காரி சோற்றுத் தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். காகிதத்தையும் வைத்தாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை கூட்டம். அவர் ஓடலைன்னு நீங்க எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

அரம் நிற்கவில்லை.

"உங்களைத்தான்."

"ஓடினான்னு சொன்னதே நான்தான்" என்றார் மேஸ்திரி.

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"ரேஞ்சர் கேட்டாரு. ஒரு ஆளு எப்படிப் பின்னாடி நின்னான்னு கேட்டாரு. எனக்கு வேற எதுவும் வாயில வரலை. ஓடிட்டான் சார்னு சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாரு."

"அப்ப நிஜமாவே ஓடினாரா?"

"அவனாவது ஓடுறதாவது."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நெருப்பு காற்றோடு திரும்பி ஆட்களை நோக்கி வந்துவிட்டால், ஏற்கெனவே எரிந்து கரியாகிப்போன இடத்துக்கு எல்லாரும் ஓடி வந்துவிட வேண்டும். எரிந்த இடம் மறுபடி எரியாது. ஆட்கள் வந்து சேர்ந்ததும் மேஸ்திரி எதிர்நெருப்பு வைப்பார். வருகிற தீக்கு முன்னாலேயே புல்லையும் புதரையும் எரித்துவிட்டால், வரும்போது அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது. எதிர்நெருப்பு வைக்கும் முன் தலை எண்ண வேண்டும் என்பது சட்டம். ஆனால் புகைக்குள் தலை எங்கே தெரிகிறது? எல்லா முகமும் கரி. பாதிப் பேர் குப்புறக் கிடந்து இருமுவார்கள். அதனால் எல்லா மேஸ்திரிகளும் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். முதுகில் மாட்டுகிற தண்ணீர் டேங்க் மஞ்சள் நிறம், ஆளுக்கு ஒன்று. வந்து சேர்ந்தவன் டேங்க்கைக் கழற்றி வரிசையில் வைப்பான். மேஸ்திரி டேங்க்கை எண்ணுவார். டேங்க்கைத் தொலைத்தவனுக்கு அடுத்த கோடை வேலை கிடையாது என்பதால் ஒருத்தனும் அதை விட்டுவிட்டு வர மாட்டான். டேங்க் வந்தால் ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். எத்தனையோ வருஷமாக அப்படித்தான், அதுவரை அந்தக் கணக்கால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"விசில் அடிச்சேன்" என்றார் மேஸ்திரி. "ஓடி வந்தானுங்க. வரிசையை எண்ணினேன். பதினொண்ணு. ரெண்டு தடவை எண்ணினேன், பதினொண்ணு. பந்தத்தைக் கொளுத்தி ஓரமா இழுத்துக்கிட்டே போனேன். காத்து வாங்கிட்டுப் போச்சு. நாப்பது அடி எந்திரிச்சது. அப்பத்தான் ரேடியோ தவழ்ந்து வந்து என் காலைப் பிடிச்சான். வாயைத் திறந்து திறந்து மூடுறான், சத்தம் வரலை. கையை மட்டும் நெருப்புப் பக்கம் காட்டினான்."

ரேடியோ என்பது அந்தக் கூட்டத்தில் இருந்த இன்னொருவனின் பட்டப்பெயர். வாய் ஓயாமல் பேசுகிறவன்.

"மாப்பிள்ளையோட ஷூ அடி சூட்டுல இளகிக் கழண்டுடுச்சாம். வெறுங்காலோட தணல் மேல எப்படி வர்றது? கம்பியால கட்டிட்டு வந்துடறேன், நீ என் டேங்க்கைக் கொண்டுபோயிடு, கிடந்து உருகிப்போச்சுன்னா வேலை போயிடும்னு சொல்லியிருக்கான். ரேடியோ ரெண்டையும் தூக்கிட்டு வந்து வச்சுட்டு விழுந்துட்டான். நான் ரெண்டையும் எண்ணிட்டேன்."

தையல்காரி காகிதத்தை எடுத்து மடித்தாள்.

"தணல் ஆறினப்புறம் நான்தான் முதல்ல போனேன். உக்காந்த வாக்கிலேயே இருந்தான். ஒரு ஷூ கட்டி முடிச்சிருந்தான். இன்னொண்ணு கையில இருந்துச்சு. என் தங்கச்சி புருஷனை நானே கொளுத்திட்டேன்டி."

அவளுக்கு முதலில் வந்தது அருவருப்பு. செத்தவனை எரித்ததும் இல்லாமல் ஓடினான் என்று வேறு எழுத வைத்த ஆள். ஆறு மாதமாகத் தங்கை போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்த ஆள். எழுந்து உள்ளே போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அப்புறம் அவர் கையைப் பார்த்தாள். அரத்தில் உரசி உரசி விரல் முட்டியெல்லாம் தோல் போயிருந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்த கை.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிஷமே அவள் முடிவெடுத்துவிட்டாள் என்று நான் சொல்வேன். அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"ரேடியோவுக்குத் தெரியும். மத்தவனுங்க ஊகிச்சிருப்பானுங்க. டேங்க்கை எண்ணுறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஒருத்தனும் பேசலை."

"உங்க தங்கச்சிக்கு?"

"தெரிஞ்சா நான் உசிரோட இருப்பேனா?"

"சாப்பிடுங்க" என்றாள். "சாப்பிட்டுட்டு அந்த மண்வெட்டியை எடுத்து வைங்க. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க."

வெள்ளிக்கிழமை காலையில் ரேடியோ கடைக்கு வந்தான். கையில் முட்டி கிழிந்த பேண்ட். முன்பெல்லாம் அவன் தெரு முனையில் வரும்போதே கடைக்குள் குரல் கேட்கும். ஒரு பட்டன் தைப்பதற்குள் நாலு ஊர்க்கதை சொல்லிவிடுவான். இப்போது வந்து நின்றதே தையல்காரிக்குத் தெரியவில்லை. மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது எதிரே நின்றான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை கூட்டமாமே."

"ஆமா."

"நான் பேசணும்க்கா. என்னால முடியலை. சோறு இறங்க மாட்டேங்குது. கண்ணை மூடினா அவன் உக்காந்துக்கிட்டுக் கம்பி சுத்துறான். அவன் ஓடலைன்னு நான் சொல்லிடறேன்க்கா. ஓடினவன் எவனாவது உக்காந்து ஷூ கட்டுவானா?"

தையல்காரி பேண்டை வாங்கிக் கிழிசலை விரித்துப் பார்த்தாள். உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்துத்தான் தைக்க வேண்டும். பெட்டியில் அதே நிறத்துத் துண்டு தேடினாள். தேடிக்கொண்டே பேசினாள்.

"பேசேன். யார் வேணாம்னா? ஆனா என் நாத்தனார் உன்னை ஒண்ணு கேப்பா. அதுக்குப் பதில் வச்சுக்கிட்டுப் பேசு."

"என்னக்கா கேப்பாங்க?"

"ஷூ கட்டிக்கிட்டு இருந்தவரை விட்டுட்டு நீ ஏன் வந்தேன்னு கேப்பா."

"அவன்தான் போகச் சொன்னான்க்கா. டேங்க்கைக் கொண்டுபோன்னு..."

"அதைத்தான் அடுத்துக் கேப்பா. அந்த டேங்க்கை நீ தொடாம இருந்திருந்தா வரிசையில பத்துதானே இருந்திருக்கும்? பத்துன்னா யாராவது நெருப்பு வச்சிருப்பாங்களா? உன் கை சும்மா இருந்திருந்தா அவரு இன்னைக்கு உசிரோட இருப்பாருல்ல?"

ரேடியோ மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நான் உதவிதானேக்கா பண்ணினேன்."

"எனக்குத் தெரியும் தம்பி. அவளுக்குப் புரியணுமே. உனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. யோசிச்சுப் பேசு." துண்டு கிடைத்துவிட்டது. ஊசியில் நூல் கோத்தாள். "சாயங்காலம் வந்து வாங்கிக்கோ. காசெல்லாம் வேண்டாம்."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவளும் சந்தோஷமாகச் செய்யவில்லை. அவன் போன பிறகு மிஷினை அரைமணி நேரம் தொடவில்லை. ஆனால் தைத்தது நன்றாகவே தைத்தாள். ஒட்டுப் போட்டது வெளியே தெரியாது.

சனிக்கிழமை லாரிக்காரர் வந்தார். ஆட்களை மலையடிவாரம் வரைக்கும் ஏற்றிப்போகிறவர், ரேஞ்சர் ஆபீசுக்கு வேண்டியவர். வாசலில் நின்று செருப்பை உதறிவிட்டு, யாரும் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்ல சேதிதான் கொண்டுவந்திருக்கேன். நாலு வருஷமா நீங்க கேட்டதெல்லாம் வருது. நாப்பது ஜோடி புது ஷூ. எவ்வளவு சூட்டுக்கும் இளகாத அடி. நல்ல முகமூடி. எல்லார் வீட்டுக்கும் ஆஸ்பத்திரி அட்டை. சங்கத்துக்கு ஆபீஸ்லேயே ஒரு ரூமு. ரேஞ்சர் மேலிடத்துல எழுதி வாங்கிட்டாரு."

"சும்மாவா தர்றாரு?" என்றாள் தையல்காரி.

"அந்த விசாரணைக் காகிதத்துல எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். இல்லைன்னா மறுபடி விசாரணை, அது முடியுற வரைக்கும் இந்தக் கோடைக்கு ஆள் எடுக்க மாட்டாங்க. வெளியூர்லேருந்து கூட்டிட்டு வருவாங்களாம். உங்க இஷ்டம்."

நாத்தனார் உள்ளே இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். லாரிக்காரருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணே, அந்த ஷூ போன வருஷம் வந்திருக்கக் கூடாதா?"

லாரிக்காரர் டீயை ஊதிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லாரி ஷெட்டில் கூட்டம். தகரக் கூரை அதற்குள்ளேயே அடுப்பு மாதிரி காந்தியது. டயர், எண்ணெய்த் தகரம், சாக்கு என்று கிடைத்ததன் மேல் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம் இருமினார்கள், பெண்கள் ஒரு பக்கம் முந்தானையால் விசிறினார்கள். வாளியில் எலுமிச்சம்பழமும் உப்பும் கரைத்த தண்ணீர். மேஸ்திரி முன்னால் ஒரு பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தையல்காரி. வருஷக்கணக்காக அவள் கூட்டத்தில் நின்றுகொண்டுதான் பேசுவாள். அன்றைக்கு எழுந்திருக்கவே இல்லை.

நாத்தனார்தான் முதலில் பேசினாள். நீளமாகப் பேசவில்லை. காகிதத்தை வாசித்தாள்.

"எனக்கு ஷூ வேண்டாம், அட்டை வேண்டாம். இந்த ஓடினாருங்கிற ஒரு வார்த்தையை எடுத்துடுங்க. உங்க எல்லார் வீட்டுக்கும் நான் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருக்கேன். ராத்திரி பகலா போன்கிட்ட உக்காந்திருக்கேன். வேற எதுவும் நான் கேட்டதில்லை" என்று முடித்தாள்.

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, மூன்று பிள்ளைக்காரி, மெதுவாக ஆரம்பித்தாள்.

"தப்பா எடுத்துக்காதே. போனவர் போயிட்டாரு. எழுத்துல என்ன இருந்தா என்ன? என் வீட்டுக்காரர் இன்னும் ரெண்டு கோடை தாங்குறதே சந்தேகம்னு டாக்டர் சொல்றாரு. அந்த அட்டை இல்லாட்டி நான் எங்க போவேன்?"

"இந்தக் கோடை வேலை இல்லைன்னா அடுப்பு எரியாது" என்றான் ஒருவன்.

"ஓடினாருன்னு எழுதினா நமக்குத் தெரியாதா, ஓடலைன்னு? நம்ம மனசுல இருந்தாப் போதாதா?" என்றார் இன்னொருவர். அதற்குப் பல தலைகள் ஆடின. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, நீங்க சொல்லுங்க. ஒருத்தருக்குன்னா எல்லாரும்னு சொல்லுவீங்கல்ல."

தையல்காரி வாயைத் திறந்தாள். "எல்லாரும் என்ன சொல்றாங்களோ அதான்மா" என்றாள்.

அப்போது பின்னால் டயர் மேல் உட்கார்ந்திருந்த ரேடியோ எழுந்தான். ஆறு மாதமாக அவன் கூட்டத்தில் வாய் திறந்தவனில்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"அவன் ஓடலை" என்றான். "ஷூ கட்டிக்கிட்டு இருந்தான். டேங்க்கை என்கிட்ட குடுத்தான். நான் ரெண்டையும் தூக்கிட்டு வந்து வரிசையில வச்சேன். வச்சுட்டு விழுந்துட்டேன். சொல்லணும்னுதான் இருந்தேன், குரல் வரலை..."

நெருப்புக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மேஸ்திரியைப் பார்த்தார்கள். டேங்க்கை எண்ணுகிறவர் யார் என்று அங்கே தெரியாதவர் இல்லை. மேஸ்திரி நிமிர்ந்தார். உதடு அசைந்தது. சொல்லிவிடத்தான் போனார், அது எனக்கு நிச்சயம். தையல்காரி வாளியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"தண்ணி குடிங்க" என்றாள்.

அவர் வாங்கிக் குடித்தார். அந்த ஒரு மடக்கு நேரம் போதுமாக இருந்தது.

"யாருடா உன்னை ரெண்டு டேங்க் தூக்கச் சொன்னது?" என்று லாரிக்காரர் கத்தினார்.

"அவன்தான் அண்ணே..."

"செத்தவன் மேல போடுறான் பாரு. ஊர்க்கதை பூரா பேசுற வாய் அன்னைக்கு மட்டும் எங்கடா போச்சு?"

"ஆறு மாசமா மூடிக்கிட்டு இருந்திருக்கான்!"

"ஒரு பொம்பளை தவிச்சுக்கிட்டுக் கிடக்கா, தெரிஞ்சுக்கிட்டே பார்த்துக்கிட்டு இருந்தியா?"

வழி கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் நல்லதான வழி. ஓடினான் என்ற வார்த்தையை எடுத்துவிடலாம், மேஸ்திரியைக் கையை நீட்டிக் காட்ட வேண்டாம், ஷூவும் வரும். சக தொழிலாளியின் கவனக்குறைவால் என்று எழுதிக்கொடுத்தால் ரேஞ்சருக்கு என்ன நஷ்டம்? நாற்பது வீட்டில் ஒரு வீடு போகும், அவ்வளவுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே எல்லார் வாயிலும் ஒரே மாதிரி வந்தது.

ரேடியோ ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தான். "எண்ணினது..." என்பது ஒரு தடவை கேட்டது. அதற்குள் நாத்தனார் டயர்களைத் தாண்டிக்கொண்டு அவனிடம் போய்விட்டாள். அடிக்கவில்லை. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேரே நின்றாள்.

"அவரு உன் பொண்ணு பிறந்தப்ப ரத்தம் குடுத்தாருடா."

அவன் அப்படியே நின்றான். அவள் கையை விலக்கிவிடக்கூட அவன் முயலவில்லை. அவன் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் அவனை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். வெயிலில் இரண்டு பேரும் கொஞ்ச தூரம் தெரிந்தார்கள். அவன் அன்று போட்டிருந்தது தையல்காரி தைத்துக்கொடுத்த பேண்டுதான்.

கையெழுத்து வாங்குவது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. செத்தவன் ஓடவில்லை, இன்னாருடைய கவனக்குறைவால் நெருப்பில் சிக்கினான். அந்த இன்னாரை இனிமேல் மலைக்கு எடுக்கக் கூடாது. மற்றபடி ஆட்சேபணை இல்லை. முப்பத்தொன்பது வீடு. மேஸ்திரி போட்ட கையெழுத்து காகிதத்தைக் கிழித்துவிடுகிற மாதிரி ஆழமாக விழுந்தது. லாரிக்காரர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நம்ம கூட்டத்துல இவ்வளவு ஒத்துமையை நான் பார்த்ததே இல்லை" என்றார். உண்மையில் அவர் சொன்னது சரி.

மேஸ்திரி ஆண்களோடு நின்றுவிட்டார். தையல்காரியும் நாத்தனாரும் குழந்தையை நடுவில் விட்டு வீட்டுக்கு நடந்தார்கள். தெருவில் நிழலே இல்லை. குழந்தை சுவரோரமாகக் கால் வைத்துக் குதித்துக் குதித்து வந்தது. நாத்தனார் முகத்தில் ஆறு மாதமாக இல்லாத ஒரு தெளிவு.

"பலகையில பேரு வெட்டிடுவாங்கல்ல அண்ணி?"

"வெட்டுவாங்க."

"நீங்க இல்லாட்டி இது நடந்திருக்காது."

ரொட்டிக்கடை தாண்டி, பூட்டிய பட்டறை தாண்டித் திரும்பினார்கள். நாத்தனாரின் நடை மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணி."

"சொல்லு."

"அவன் ரெண்டு டேங்க் வச்சான், சரி. டேங்க்கை அண்ணன்தானே எண்ணுவாரு?"

தையல்காரி நடந்துகொண்டேதான் இருந்தாள். இரண்டு அடி, மூன்று அடி. சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. நாலாவது அடியில் பதில் வந்தது. தைத்து வைத்த மாதிரி, பிசிர் இல்லாமல் வந்தது.

"அன்னைக்கு அண்ணன் எண்ணலை. காத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்க்கப் போயிட்டாரு. ரேடியோகிட்டதான் எண்ணச் சொன்னாராம். எல்லாரும் வந்தாச்சு, நெருப்பு வைங்கன்னு சொன்னதும் அவன்தான்."

நாத்தனார் நின்றுவிட்டாள். கண் நிறைந்தது.

"படுபாவி" என்றாள். "இதை மனசுல வச்சுக்கிட்டா அண்ணன் இத்தனை நாளா குமைஞ்சுக்கிட்டு இருந்தாரு? அந்த மண்வெட்டியை ராவி ராவி... நான் வேற என்னென்னமோ நினைச்சுட்டேன் அண்ணி. பாவம் அண்ணன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும் வரைக்கும் விடவில்லை.